மெட்டை விடுங்கள், அடியைக் கேளுங்கள்: உக்ரைன் நடன இசையையும் ஸ்லோவாக் நடன இசையையும் பிரித்தறியும் முறை

உக்ரைனும் ஸ்லோவாக்கியாவும் கார்பாத்திய மலைகளில் எல்லை பகிர்ந்துகொள்கின்றன. அந்த எல்லையின் நீளம் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் அதைத் தாண்டிப் போய்வந்த மெட்டுகளுக்குக் கணக்கே இல்லை. ஆட்டிடையர், திருமண வயலின்காரர், ரோமா இனத்து இசைக்குடும்பத்தார், பட்டாளத்துக்குப் போய் ஊர் திரும்பிய இளைஞர் என்று பலர் வழியாக ஒரே மெட்டு இரண்டு பக்கமும் பாடப்படுகிறது. அதனால் மெட்டை மட்டும் வைத்து "இது உக்ரைன், அது ஸ்லோவாக்" என்று சொல்லக் கிளம்பினால் பாதி நேரம் தவறிப்போகும்.

மெட்டு ஊர் ஊராய்ப் போகும். அதன் கீழே ஓடும் பக்கவாத்தியப் பழக்கம் அவ்வளவு எளிதில் இடம்பெயராது. ஆகவே கீழிருந்து மேலாகக் கேளுங்கள். முதலில் பக்கவாத்தியம், அடுத்து வரியின் அசைக்கணக்கு, பிறகு வேகம் மாறும் விதம், கடைசியில்தான் சுரம். நம்மில் பலருக்குச் சுரம் முதலில் காதில் விழும். இங்கே அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

எந்தப் பதிவைக் கேட்பது

தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரிய மேடைக்குழுக்களின் பதிவுகள். உக்ரைன் பக்கம் 1937-இல் தொடங்கிய விர்ஸ்கி நடனக்குழு, ஸ்லோவாக் பக்கம் 1948-இல் தொடங்கிய லூச்னிட்சா, 1949-இல் தொடங்கிய ஸ்லியூக். மூன்றுமே மிக உயர்ந்த தரம் கொண்டவை, பார்க்கவேண்டியவை. ஆனால் பிரித்தறியப் பழக இவை ஏற்றவை அல்ல. மேடைக்காக இசைக்கோப்பாளர்கள் கிளாரினெட், பல வயலின்கள், பெரிய பாஸ் எல்லாம் சேர்த்துவிடுவார்கள். அப்போது இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஒரு மேடை ஒலி வந்துவிடும், அடையாளம் கொடுக்கும் நுணுக்கங்கள் அடியில் புதைந்துவிடும்.

மூன்று முதல் ஐந்து பேர் மட்டும் வாசிக்கும் கிராமக் குழுப் பதிவுகளைத் தேடுங்கள். உக்ரைனில் அத்தகைய குழுவுக்கு 'த்ரொயீஸ்தா முஸிகா' என்று பெயர், மூவர் இசை என்று பொருள். ஸ்லோவாக்கியாவில் 'லியூதொவா ஹுத்பா', நாட்டுப்புற இசைக்குழு. ஒவ்வொரு பக்கமும் பத்துப் பதிவு போதும். ஒவ்வொன்றையும் மூன்று முறை கேளுங்கள்: முதல் முறை பாஸை மட்டும், இரண்டாம் முறை நடுவில் ஒலிக்கும் வாத்தியத்தை மட்டும், மூன்றாம் முறைதான் மெட்டை. ஹெட்போன் இல்லாமல் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டால் பாஸ் காணாமல் போய்விடும், பயிற்சியே வீணாகும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஃபுயாரா கேட்டால் ஸ்லோவாக், பந்தூரா கேட்டால் உக்ரைன் என்று முடிவுகட்டுவது சரிதான். ஆனால் அவை நடன வாத்தியங்கள் அல்ல. 160 முதல் 200 சென்டிமீட்டர் நீளமும் மூன்றே துளைகளும் கொண்ட ஃபுயாரா, மேய்ப்பர் தனிமையில் ஊதும் குழல். பல தந்திகளை விரலால் மீட்டும் பந்தூரா பெரும்பாலும் பாட்டுக்குத் துணை. நடனப் பதிவில் இவை வந்தால் அது மேடைக்காகச் சேர்த்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் சோதனை: தாளத்தை யார் தாங்குகிறார்கள்?

இரண்டு பக்கமும் நடனங்களில் பெரும்பாலானவை 2/4. உக்ரைன் பக்கத்து ஹொபாக், கொஸாச்சோக், கொலொமிய்கா, ஸ்லோவாக் பக்கத்துச் சார்டாஷ், காரிச்கா, ஓட்ஸெமொக், இரு பக்கமும் ஆடும் போல்கா எல்லாமே இரட்டை அடிதான். ஆகவே எத்தனை அடி என்று எண்ணிப் பயனில்லை. அந்த அடியை எந்த வாத்தியம் தாங்குகிறது என்று பாருங்கள்.

உக்ரைன் குழுவில் பெரும்பாலும் மேளம் இருக்கும். அதன் பெயர் பூபொன். நடு உக்ரைனில் அது தோல் போர்த்திய வளையம், விளிம்பில் சிறு தகடுகள். பெரிய கஞ்சிரா என்று நினைத்துக்கொள்ளலாம். மூவர் குழு என்றால் வயலின், செல்லோ போன்ற பசோல்யா, பூபொன். மேற்கு உக்ரைனின் கார்பாத்திய மலைமக்களான ஹுட்சுல்களின் பகுதியில் வயலின், த்சிம்பாலி, சோபில்கா குழல், பூபொன் என்று சேர்க்கை மாறும். அங்கே பூபொன் பெரியது, மேலே ஒரு உலோகத் தாளமும் பொருத்தியிருப்பார்கள். ஒரு கையால் தோலில் அடியும் மறு கையால் அந்த உலோகத் தாளத்தில் இடையடியும் (இரண்டு அடிக்கு நடுவே வருவது) விழும். அந்தக் 'கிணிங்' ஒலி காதில் விழுந்தால் முக்கால்வாசி முடிவு கிடைத்த மாதிரி.

ஸ்லோவாக் நரம்புவாத்தியக் குழுவில் மேளம் கிடையாது. முதல் வயலின்காரர் ப்ரிமாஷ், நடுவில் கொன்ட்ரா என்னும் வியோலா அல்லது இரண்டாம் வயலின், அடியில் பாசா என்னும் பாஸ் வாத்தியம். பல ஊர்களில் இவர்களோடு சிம்பலும் சேரும். மேளத்தின் வேலையைக் கொன்ட்ராவும் பாசாவும் வில்லாலேயே செய்கின்றன. கொன்ட்ராவின் பாலத்தை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) சில இடங்களில் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அப்போதுதான் மூன்று தந்திகளில் ஒரே சமயத்தில் வில் பட்டு முழு கோர்டு (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) ஒலிக்கும்.

த்சிம்பாலியும் சிம்பலும் பெயரில் மட்டும் நெருக்கம் கொண்டவை அல்ல, ஒரே குடும்பம்தான்: கம்பிகளைச் சிறு கோலால் தட்டும் வாத்தியம். ஆனால் ஒலியில் பெரிய வேறுபாடு. ஹுட்சுல் த்சிம்பாலி சிறியது, வார் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டோ மடியில் வைத்தோ வாசிப்பார்கள். ஒலியை அடக்கும் மிதி இல்லாததால் முந்தைய சுரத்தின் ரீங்காரம் அடுத்த சுரத்தோடு கலந்து ஒரு மூடுபனிபோல் படரும். ஸ்லோவாக் குழுக்களில் இன்று பரவலாக இருப்பது கால்களும் அடக்குமிதியும் கொண்ட பெரிய சிம்பல். 1874-இல் புடாபெஸ்ட்டில் ஷுண்டா உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தது அது. வரி முடிந்ததும் மிதியை விட்டால் ஒலி கத்தரித்தாற்போல் நிற்கும். எனவே வரி முடியும் இடத்தைக் குறிவைத்துக் கேளுங்கள். ரீங்காரம் தொங்கினால் ஹுட்சுல் பக்கம், சட்டென்று துண்டாக நின்றால் ஸ்லோவாக் பக்கம் (இல்லாவிட்டால் ஹங்கேரி).

துவாய்: ஸ்லோவாக் இசையின் மூச்சு

மெதுவான சார்டாஷைக் கேட்கும்போது அடியில் ஏதோ ஊஞ்சல்போல் ஆடும். அதுதான் துவாய். வில்லை ஒரு பக்கம் இழுக்கும்போதே இரண்டு அடி வாசித்துவிட வேண்டும். முதல் அடியில் வில் லேசாகத் தொடும், இரண்டாவது அடியில் அழுத்தம் ஏறும். வில் நிற்பதில்லை, திசையும் மாறுவதில்லை, ஆள்காட்டி விரலின் கனம் கூடுகிறது. அடுத்த இரண்டு அடிக்கு வில் எதிர்த்திசையில் போகும், அழுத்தம் மறுபடியும் இரண்டாவதில். பெயரைச் சொல்லிப் பார்த்தாலே ஓசை பிடிபடும்: து-வாய், து-வாய். பாசாவும் இதே வில்லசைவைப் பின்பற்றும். நடனக்காரரின் முழங்கால் மடங்கி எழுவது இந்த அழுத்தத்தோடு பொருந்தும். அதனால்தான் அழுத்தம் முதல் அடிக்கு மாறிவிட்டால் ஆடுகிறவர்களுக்குக் கால் தடுமாறுகிறது.

வயலின் வைத்திருப்பவர்கள் இப்படிப் பழகலாம். தந்திகளை ஜி-டி-ஏ-ஈ என்று சுருதி கூட்டுங்கள். இடது கை வேண்டாம், ஜி-யும் டி-யும் திறந்த தந்திகளாகச் சேர்ந்து ஒலிக்கட்டும். மெட்ரோனோம் 100-இல் வையுங்கள். ஒரு வில்லுக்கு இரண்டு டிக். முதல் டிக்கில் வில்லின் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாவது டிக்கில் மீதி இரண்டு பங்கு. பத்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள்.

இதில் வரும் தவறுகள் மூன்று. முதலாவது, இரண்டு அடிக்கும் ஒரே அழுத்தம் கொடுப்பது. அப்போது ஹார்மோனியத்தின் துருத்தி ஒலிபோல் தட்டையாக நீளும், ஆட்டம் எழாது. இரண்டாவது, இடையில் வில்லை நிறுத்தி மறுபடி கிளப்புவது. இது துவாயை இரண்டு துண்டாக வெட்டிவிடும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: அழுத்தத்துக்காக வில்லை வேகமாக இழுத்து, அந்த வேகத்தில் தாளத்தையும் ஓட்டிவிடுவது. வில்லின் கனம் கூடலாம், தாளத்தின் வேகம் கூடக்கூடாது.

வேகமான சார்டாஷில் முறை மாறும். பாசாவின் ஒலி தாள அடியில் விழும், கொன்ட்ராவின் ஒலி இடையடியில் விழும். 'எஸ்-டம், எஸ்-டம்' என்று சொல்வார்கள். ஆனால் உக்ரைன் போல்காவும் இதே மாதிரிதான் ஒலிக்கும். ஆகவே வேகப் பகுதியை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பதிவின் தொடக்கத்துக்குப் போய் மெதுவான பகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் சோதனை: பதினான்கு அசை

மேற்கு உக்ரைனின் மிக உறுதியான அடையாளம் கொலொமிய்கா. கொலொமியா என்னும் ஊரின் பெயரால் வந்தது. பாட்டும் அதுதான், ஆட்டமும் அதுதான். இரண்டு வரி, ஒவ்வொரு வரியிலும் 14 அசை, 4+4+6 என்று பிரியும். 2/4-இல் அது நான்கு அளவில் அடங்கும் (ஓர் அளவு என்பது இரண்டு அடி). நம் சொற்கட்டில் சொன்னால்:

தகதிமி | தகதிமி | தகதிமி | தா தா

முதல் மூன்று அளவில் நான்கு நான்காகப் பன்னிரண்டு குறுக்கம், கடைசியில் இரண்டு நெடுக்கம். எட்டு அளவில் ஒரு பாட்டு முடிந்துவிடும். அடுத்த எட்டு அளவில் புதுப் பாட்டு, பெரும்பாலும் நையாண்டியோ காதலோ, பல நேரம் அந்த இடத்திலேயே கட்டிப் பாடியது. கேட்கும்போது விரலால் மேசையில் 'தா தா'வை மட்டும் தட்டுங்கள். நான்கு அளவுக்கு ஒருமுறை தவறாமல் அந்த இரட்டை நெடுக்கம் வந்து விழுந்தால் கொலொமிய்கா. ஆடுகிறவர்கள் காலை ஊன்றி மிதிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

வாசிக்கும்போது கெடுவதும் அங்கேதான். பன்னிரண்டு குறுக்கம் ஓடிய வேகத்தில் கடைசி இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். வரி மூச்சுவிடாமல் அடுத்ததில் மோதும். 'தா தா'வுக்கு உரிய முழு நேரத்தையும் கொடுங்கள். மெட்ரோனோம் 90-இல் தொடங்கி, ஒரு நாளைக்கு நான்கு நான்காகக் கூட்டி 120-க்குக் கொண்டுபோகலாம்.

இந்தக் கொலொமிய்கா தாளத்தின் செல்வாக்கு ஹங்கேரியப் பன்றிமேய்ப்பர் பாடல்கள்வரை பரவியது என்பது ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் கருத்து. ஸ்லோவாக் பாடல்களை ஆயிரக்கணக்கில் திரட்டியவரும் அவரே. அத்தனை தூரம் போன தாளம் என்பதால் பதினான்கு அசை கேட்டவுடனே உக்ரைன் என்று முத்திரை குத்தாமல், பக்கவாத்தியச் சோதனையோடு சேர்த்துப் பாருங்கள்.

ஸ்லோவாக் பாடலில் அசைக்கணக்கு இப்படி ஒரே அச்சில் நிற்காது. அங்கே கவனிக்கவேண்டியது குறில் நெடில். தமிழைப்போலவே ஸ்லோவாக் மொழியிலும் உயிருக்குக் குறில் நெடில் உண்டு, சொல்லின் அழுத்தம் முதல் அசையில் விழும். அதனால் மெட்டு பெரும்பாலும் சமத்திலேயே எடுக்கிறது. மெதுவான சார்டாஷில் சொல்லுக்கு ஏற்ப 'தா-க', 'த-கா' என்று நெடுக்கமும் குறுக்கமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். உக்ரைன் மொழியில் குறில் நெடில் வேறுபாடு இல்லை, அழுத்தம் எந்த அசையிலும் வரலாம். கொலொமிய்கா ஒரே சீராக ஓடுவதற்கும் சார்டாஷ் நொண்டியும் தாவியும் நடப்பதற்கும் மொழியும் ஒரு காரணம். கிழக்கு ஸ்லோவாக்கியாவின் ஷாரிஷ் வட்டார வழக்கில் மட்டும் நெடில் மறைந்து, அழுத்தம் ஈற்றயல் அசைக்குப் போய்விடும். அங்கே இந்தச் சோதனை பலிக்காது.

சார்டாஷ் மெட்டின் வடிவத்தையும் பாருங்கள். முதல் வரியை இரண்டாவது முறை ஐந்து சுரம் மேலே, பஞ்சமத்துக்குத் தூக்கிப் பாடி, மூன்றாவதில் வேறு வழி சுற்றி, நான்காவதில் முதல் வரிக்கே திரும்பினால் அது ஹங்கேரியப் புதுப்பாணியின் அடையாளம். ஸ்லோவாக்கியா 1918 வரை ஹங்கேரி அரசின் பகுதியாக இருந்ததால் அந்த வளைவு அங்கே ஆழமாக வேரூன்றியது. படைக்கு ஆள் சேர்க்கும் ஆட்டமான வெர்புங்க் வந்ததும் அதே வழியில். டினிப்பர் ஆற்றங்கரை உக்ரைனின் ஹொபாக், கொஸாச்சோக் மெட்டுகளில் இந்த வளைவு பொதுவாக இல்லை. அவை எட்டு அளவுத் துண்டுகளாக வந்து, ஒவ்வொன்றும் திரும்பும்.

மூன்றாம் சோதனை: வேகம் ஏறுவது எப்படி

ஹொபாக் சரிவில் உருளும் சக்கரம். தொடங்கியபோது இருந்த வேகம் முடியும்போது இருக்காது, எங்கே கூடியது என்று சுட்டிக்காட்டவும் முடியாது. கொஸாச்சோக்கும் அப்படியே. சார்டாஷில் வேகம் படியேறும். மெதுவான பகுதி முடியும், ப்ரிமாஷ் சைகை காட்டுவார், சட்டென்று வேகப் பகுதி தொடங்கும், துவாய் போய் எஸ்-டம் வரும். மேய்ப்பர் ஆடும் ஓட்ஸெமொக் இதற்கு விலக்கு. ஸ்லோவாக் நடனமாக இருந்தும் சீராக வேகம் ஏறும், குந்தி எழும் அசைவுகளும் உண்டு. கையில் வலஷ்கா என்னும் சிறு கோடரி. காணொளியில் பார்ப்பவர்கள் அதை ஹொபாக் என்று நினைத்துவிடுவது இதனால்தான். கண்ணை மூடி மேளம் இருக்கிறதா என்று கேட்டால் குழப்பம் தீரும்.

கடைசியாகச் சுரம்

இங்கே நம் காது நன்றாகவே உதவும், ஒரே ஒரு எச்சரிக்கையோடு: நான் குறிப்பிடுவது சுரவரிசையை மட்டும், இராகத்தை அல்ல.

ஹுட்சுல் இசையில் அடிக்கடி வரும் வரிசை ச ரி2 க2 ம2 ப த2 நி2. ஹேமவதி மேளத்தின் சுரங்கள். மேற்கத்திய இசைநூல்கள் இதையே உக்ரைன் டோரியன் என்கின்றன. டி-யைச் சட்ஜமாக வைத்தால் டி, ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி. ஸ்லோவாக்கியாவின் போத்போலானியே பகுதியிலும் வடக்கே தெர்ஹொவாவிலும் ம2 கேட்கும். ஆனால் அங்கே அதற்குக் கீழே பெரும்பாலும் க3 இருக்கும். கல்யாணியோ, நி2 சேர்ந்தால் வாசஸ்பதியோ ஆகும். எனவே ம2 கேட்டதும் நிற்காமல் ஒரு சுரம் கீழே இறங்கிக் காந்தாரத்தைப் பிடியுங்கள். க2-இலிருந்து ம2-க்குத் தாவல் அகலமாக இருந்தால் ஹுட்சுல் பக்கம், க3-இலிருந்து நெருக்கமாக ஏறினால் ஸ்லோவாக் பக்கம்.

இரண்டு பக்கமும் ம2 வருவதற்கு மேய்ப்பர் குழலும் ஒரு காரணம். ஸ்லோவாக்கியாவில் கொன்த்சொவ்கா, ஹுட்சுல் மலையில் டிலின்கா. இரண்டிலும் விரல்துளை கிடையாது. குழலின் நுனியை விரலால் மூடியும் திறந்தும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும் இயற்கை மேற்சுரங்களை (ஹார்மோனிக்ஸ்) எழுப்புவார்கள். பதினோராவது மேற்சுரம் ம1-க்கும் ம2-க்கும் ஏறத்தாழ நடுவில் விழுகிறது. அந்த மத்திமத்தை வயலினில் கொண்டுவரும்போது மேல்பக்கமாக இழுத்து நிறுத்துவார்கள், சில வயலின்காரர் நடுவிலேயே விட்டுவிடுவார்கள். பழைய கிராமப் பதிவுகளில் அந்த நடுமத்திமத்தைக் கேட்டுப் பாருங்கள். சுருதி பிசகிவிட்டதோ என்று முதலில் தோன்றும். பத்தாவது முறை கேட்கும்போது அதுதான் மலையின் சுவை என்று புரியும்.

ரோமா இசைக்குழுக்கள் வாசிக்கும் நகரச் சார்டாஷில் கீரவாணி, சிம்மேந்திரமத்தியமச் சுரங்களும் வரும். அவை ஹங்கேரி, ஸ்லோவாக்கியா எங்கும் பொது. ஹேமவதி வரிசையும் ருமேனிய இசையிலும் யூதர்களின் கிளெஸ்மர் இசையிலும் தாராளமாக உண்டு. சுரத்தைக் கடைசியில் வைத்தது இதனால்தான்.

வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: கமகம் வேண்டாம். இங்கே அழகு, சுரத்தின் தலையில் சட்டென்று கொத்திவிட்டுப் போகும் சிறு திரில்லில் (அடுத்தடுத்த இரு சுரங்களை வேகமாக மாறிமாறித் தொடுவது) இருக்கிறது. சுரத்தை வளைத்தால் நடனத்தின் கூர்மை மழுங்கிவிடும்.

எல்லைப் பகுதியில் என்ன செய்வது

ஸ்லோவாக்கியாவின் ப்ரெஷொவ், ஸ்வித்னீக் வட்டாரத்தில் கார்பாத்தியப் பகுதியின் கிழக்கு ஸ்லாவ் மக்களான ரூசின்களும் உக்ரைனியரும் வாழ்கிறார்கள். 1956-இல் ப்ரெஷொவில் அவர்களுக்கென்றே ஒரு தொழில்முறைக் கலைக்குழு தொடங்கப்பட்டது. இந்தப் பக்கத்துப் பதிவுகளில் கொலொமிய்கா அசைக்கணக்கும் சார்டாஷின் எஸ்-டமும் ஒரே பாட்டில் வரலாம். உக்ரைனின் டிரான்ஸ்கார்பாத்தியாவும் 1918 வரை ஹங்கேரியின்கீழ் இருந்தது, இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் பகுதி. அங்கே சார்டாஷ் சொந்த ஊர் ஆட்டம்தான். இப்படிப்பட்ட பதிவுக்கு ஒரு நாட்டின் பெயரைத் திணிக்காதீர்கள். "அடி சார்டாஷ், வரி கொலொமிய்கா" என்று இரண்டையும் குறித்துவைப்பதே சரியான விடை.

ஒரே மெட்டை இரு வழியில் வாசித்துப் பார்க்க

இரண்டு பேர் இருந்தால் போதும். எட்டு அளவுள்ள எளிய மெட்டு ஒன்றை ஹேமவதிச் சுரங்களில், டி-யைச் சட்ஜமாக வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மெட்டு வாசிக்கட்டும்.

முதல் சுற்றில் மற்றவர் டி-யும் ஏ-யும் சேர்த்து விடாமல் ஒலிக்கவிட்டு, காலால் அடியையும், ஒரு கையில் சாவிக்கொத்தோ சலங்கையோ வைத்து இடையடியையும் போடட்டும். ஒவ்வொரு இடையடியும் ஒரே கனமாக விழுந்தால் போல்கா ஆகிவிடும். நான்காவது அளவில் 'தா தா'வோடு சேர்ந்து இரண்டு கனமான அடி போட்டு, மற்ற இடங்களில் லேசாக விடுங்கள்.

இரண்டாவது சுற்றில் மேளம், சலங்கை எல்லாவற்றையும் கீழே வைத்துவிடுங்கள். மெட்டின் ம2 அப்படியே இருக்கட்டும், க2-ஐ க3 ஆக்குங்கள். டி மேஜர் கோர்டில் துவாய் போடுங்கள், நான்காவது அளவில் ஏ மேஜருக்கு மாறித் திரும்புங்கள். மெட்டுக்காரர் சீரான குறுக்கங்களை உடைத்து 'தா-க த-கா' என்று நடக்கவிடட்டும். வேகத்தை மெட்ரோனோம் 100-இலேயே பிடித்து வைத்து, எட்டாவது அளவின் முடிவில் ஒரே தாவலில் 160-க்கு ஏறுங்கள். அந்த இடத்தில் கொன்ட்ரா பிடிப்பவர் ஓர் அடி முன்பே வில்லைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதல் எஸ்-டம் பிந்திப் போய், பாசா இல்லாத குறை அங்கேயே வெளியே தெரிந்துவிடும்.